மூளைக்குள் ஒரு கதவு – 9: கத்தி போய் ஊசி வந்தது

போன வாரம் உங்களைப் பெங்களூரில் விட்டுவிட்டு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

மனநல மருத்துவர் கோவிந்தசாமி. அறுவை மருத்துவர் பாலகிருஷ்ண ராவ். லிஸ்பனில் மோனிஸ் தொடங்கிவைத்த காரியத்தை இருவரும் மைசூர் ராஜ்ஜியத்து மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நெற்றிக்குப் பின்னால் ஓடும் நரம்பிழைகளை வெட்டினார்கள். என்ன நடந்தது என்பதை 1944-ல் லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கத்தி ஓங்கிய கையோடு நிற்கும்போது மாத்திரை குறுக்கே வந்து விழுந்தது. அங்கேதான் நிறுத்தினேன்.

ஒரு மாத்திரை பாரிஸிலிருந்து வந்தது, லார்காக்டில். இன்னொன்றின் பிறப்பு நம் நாட்டு மண்ணில். இடுக்கி மலையோரத்திலும் பாலக்காட்டுக் காட்டோரத்திலும் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகும் செடி அது. சர்ப்பகந்தி. மலையாளத்தில் அமல்பொரி. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த வேர். கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருஷம் கழித்து நியூயார்க்கில் நேதன் க்ளைன் என்ற மருத்துவர் அதன் சத்தைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வார்டுகளில் கூச்சல் குறைந்தது. அப்புறம்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் நான் டீ குடிக்கும் கடைக்காரர் இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிப்பவர். போன வாரம் கேட்டார்:

"அப்ப கத்தி போச்சு, மாத்திரை வந்துடுச்சு. கதை முடிஞ்சுதுங்களா?"

"இல்லைங்க. கத்திதான் போச்சு."

"அப்புறம்?"

"ஊசி வந்துச்சு."

அவர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். உங்களுக்கும் அதே இடத்திலிருந்து சொல்கிறேன்.

மாத்திரை எல்லோருக்கும் கேட்கவில்லை. குறிப்பாக ஒரு கூட்டத்துக்குக் கேட்கவே இல்லை. குழந்தைகள்.

சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்கள். ஓயாமல் வலிப்பு வந்தவர்கள். பிறவியிலேயே மூளை வளர்ச்சி தடைபட்டவர்கள். இவர்களில் சிலர் ராத்திரி பகல் தூங்குவதில்லை. ஓடிக்கொண்டே இருப்பார்கள். கைக்கு எட்டியதை உடைப்பார்கள். தம்பி தங்கையைக் கடிப்பார்கள். யாரும் கிடைக்காவிட்டால் தங்கள் கையையே கடிப்பார்கள்.

அப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். சித்தூர்ப் பக்கம் ஓட்டு வீடாக இருக்கலாம். மூணாறு எஸ்டேட்டில் ஒற்றை அறை லயமாக இருக்கலாம். அம்மா தூங்கும்போது அப்பா விழித்திருப்பார். அப்பா கொழுந்துக் காட்டுக்குப் போனால் பாட்டி. பாட்டியும் அசந்துபோனால் துண்டால் கட்டில் காலில் கட்டிவைப்பார்கள். கட்டிவிட்டு அழுவார்கள். குணசீலம் போனார்கள். சோட்டாணிக்கரை போனார்கள். ஏர்வாடிக்கும் போய்க் கிடந்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கொடுத்த தூக்க மருந்து மூன்று நாள் வேலை செய்தது.

இந்தக் குடும்பத்தை இந்த வாரம் முழுக்க நீங்கள் மறக்கக்கூடாது. அவர்களை மறந்துவிட்டு இந்தக் கதையைக் கேட்டால் மருத்துவர்கள் அரக்கர்களாகத் தெரிவார்கள். அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டு கேட்டால் மருத்துவர்கள் தெய்வங்களாகத் தெரிவார்கள். இரண்டும் பொய்.

யாரோ சொல்கிறார்கள்: "மதராஸ் கொண்டுபோங்க. ஜெனரல் ஆஸ்பத்திரியில மூளைக்கு ஆபரேஷன் பண்றாங்களாம்."

ஒலவக்கோட்டில் மங்களூர் மெயில் ஏறினால் சென்ட்ரல். சென்ட்ரலில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் அரசு பொது மருத்துவமனை. அவ்வளவுதான் தூரம்.

உள்ளே யார் இருக்கிறார்கள்?

பி. ராமமூர்த்தி. சீர்காழியில் பிறந்தவர். இங்கிலாந்தில் நியூகாசில் போய் மூளை அறுவை கற்றுக்கொண்டு 1950-ல் திரும்பியவர். அப்போது இந்தியா முழுக்கத் தேடினாலும் இந்தத் தொழிலுக்கென்றே பயின்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வேலூரில் ஒருவர் இருந்தார். ஜேக்கப் சாண்டி, நம் கோட்டயத்துக்காரர், ஒரு வருஷம் முந்திக்கொண்டவர். (மூளை விஷயத்தில் மலையாளமும் தமிழும் எப்போதும் அக்கம்பக்கம்தான்.) ராமமூர்த்திக்குக் கிடைத்தது அரசு மருத்துவமனையின் நெரிசல். கட்டி, காயம், சீழ் என்று ஒவ்வொரு நாளும் வரிசை.

அவரோடு வி. பாலசுப்பிரமணியம். மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு புள்ளியைத் திறந்து பார்க்காமலே தொடுவது எப்படி என்ற வித்தையில் இறங்கியவர். இன்னொருவர் எஸ். கல்யாணராமன். அப்புறம் டி. எஸ். கனகா. ஆண்கள் மட்டுமே நின்ற அறுவை மேசையில் இடம் பிடித்து, இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர் என்று பெயர் வாங்கியவர். கனகாவைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஓர் அத்தியாயத்தை அவர்தான் திருப்பிப் போடப்போகிறார்.

பாலசுப்பிரமணியம் இறங்கிய அந்த வித்தைக்குப் பெயர் ஸ்டீரியோடாக்ஸி. தலையைச் சுற்றி உலோகச் சட்டம் ஒன்றைத் திருகி நிறுத்துவார்கள். சட்டத்தில் அளவுகோல்கள். முன்னே இத்தனை மில்லிமீட்டர், பக்கத்தில் இத்தனை, கீழே இத்தனை. நிலத்தில் சர்வேக்காரர் கல் நடுவதுபோல மூளைக்குள் ஒரு புள்ளிக்குக் கணக்குப் போட்டுவிடலாம். நடுக்குவாதக்காரர்களின் கைநடுக்கத்தை இப்படி ஊசி போட்டு நிறுத்திக்காட்டியிருந்தார்கள். நடுங்கிய கை, மேசையிலேயே, எல்லோர் கண் முன்னாலும் அடங்கும். அதைப் பார்த்த மருத்துவருக்கு அடுத்த கேள்வி வராமலா இருக்கும்?

நடுக்கத்தை அடக்கலாம் என்றால் கோபத்தை?

கோபத்துக்கு மூளையில் முகவரி உண்டா?

உண்டு என்று சொன்னவை குரங்குகள்.

சிகாகோவில் க்ளூவர், பூசி என்று இருவர். முரட்டுக் குரங்குகளின் மூளையில் இரண்டு பக்கப் பொட்டுமடல்களையும் எடுத்துப் பார்த்தார்கள். விழித்த குரங்கு சாதுவாக இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்த்தது. பாம்பைக் காட்டினார்கள். பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தக் குரங்கு நடுங்கவில்லை. கிட்டே போனது. கையில் எடுத்துப் பார்க்கப் போனது.

பயம் போயிருந்தது. அதோடு கோபமும்.

பொட்டுமடலுக்குள் எந்த இடம்? தேடித் தேடி ஒரு சின்ன முடிச்சில் வந்து நின்றார்கள். வாதுமைப் பருப்பு அளவு, வாதுமை வடிவம். கிரேக்க மொழியில் வாதுமைக்கு உள்ள பெயரே அதற்கும் நிலைத்தது. அமிக்டலா. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

தோக்கியோவில் நரபயாஷி என்ற மருத்துவர் மனிதர்களின் வாதுமைக்குள் ஊசி விட்டார். எண்ணெயும் மெழுகும் கலந்த குழம்பைச் செலுத்தி அந்த முடிச்சைச் செயலிழக்க வைத்தார். அறுபது பேரின் அனுபவத்தை 1963-ல் எழுதினார். அதே தோக்கியோவில் கெய்ஜி சானோ என்பவர் இதுபோன்ற வைத்தியத்துக்கு ஒரு பெயரும் வைத்தார். சாந்தப்படுத்தும் அறுவை.

பெயர் பிறந்தது தோக்கியோவில். அது பெரிய குடித்தனம் நடத்தியது மதராஸில்.

இனி மதராஸின் அந்த அறுவை அறையில் ஒரு மணி நேரம்.

ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்லமாட்டேன். பையனுக்குப் பெயரும் வைக்கமாட்டேன். அப்படி நூற்றுக்கணக்கான காலைகள் அங்கே நடந்தன. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலையை மழித்தாயிற்று. பெரியவர்கள் என்றால் விழித்த நிலையிலேயே செய்யலாம். இவன் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டானே! மயக்கம் கொடுக்கிறார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவன் உடம்பு அசையாமல் கிடக்கிறது.

சட்டம் தலையில் ஏறுகிறது. திருகுகள் இறுகுகின்றன.

மண்டையில் ஒரு துளை. சின்னது.

ஸ்கேன் கிடையாது. அது இன்னும் உலகத்திலேயே வரவில்லை. பின்னே எப்படி உள்ளே பார்ப்பது? மூளைக்குள் நீர் நிரம்பிய குகைகள் இருக்கின்றன. அங்கே காற்றையோ, எக்ஸ்ரேயில் தெரியும் மையையோ செலுத்துவார்கள். குகையின் சுவர் படத்தில் தெரியும். அந்தச் சுவரைக் கொண்டு வாதுமை எங்கே இருக்கும் என்று கணக்குப் போடவேண்டும். வாதுமை படத்தில் தெரியாது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி.

படம் எடுத்தாயிற்று. இருட்டறைக்குப் போயிருக்கிறது.

காத்திருக்கிறார்கள்.

ஈரம் காயாத படம் வருகிறது. வெளிச்சப் பெட்டியில் மாட்டுகிறார்கள். அளவுகோல், பென்சில். ஒருவர் படிக்கிறார், ஒருவர் எழுதுகிறார். மறுபடி சரிபார்க்கிறார்கள். ஏனென்றால் வாதுமைக்குப் பின்னாலேயே ஞாபகத்தின் வீடு. மேலே பார்வை நரம்பின் பாதை. பக்கத்தில் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று. நாலைந்து மில்லிமீட்டர் தவறினால் பிள்ளைக்குப் பாதிப் பார்வை போகலாம். குழாயைக் குத்தினால் பிள்ளையே போகலாம்.

ஊசி இறங்குகிறது.

யாரும் பேசவில்லை.

நின்றது. ஆலிவ் எண்ணெய், ஒரு மில்லிகூட இல்லை, மெதுவாக உள்ளே போகிறது. மின்சாரச் சூட்டால் தீய்ப்பதும் உண்டு. எப்படியானாலும் அந்த இடம் இனி வேலை செய்யாது. இனி என்றைக்கும்.

ஆரம்ப அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். லிஸ்பனில் மோனிஸ் முதல்முதலாக மூளைக்குள் செலுத்தியது கத்தியை அல்ல, ஊசியை. ஊசியில் சாராயம். கத்தி பிறகுதான் வந்தது. முப்பது வருஷம் சுற்றிவிட்டுக் கதை புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறது. சாராயத்துக்குப் பதில் எண்ணெய்.

ஒரு பக்கம் முடிந்தது. ஒரு பக்கம் போதாது. மறுபக்கமும்.

இந்த இடத்தில் உங்களை அறுவை அறையிலிருந்து வெளியே கூட்டிப்போகிறேன். வராந்தாவுக்கு.

என்னைக் கேட்டால் இந்த மணி நேரத்தின் கனமான நிமிஷம் ஊசி இறங்கியது அல்ல. அது அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஒரு தாள். அதில் அப்பாவின் கையெழுத்து, அல்லது பெருவிரல் ரேகை. அவர் ஏன் போட்டார்? பிள்ளை குணமாகவேண்டும் என்றா? வீடு ஒரு ராத்திரியாவது தூங்கவேண்டும் என்றா? அவரிடம் கேட்டிருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லியிருக்கமாட்டார். பல வருஷம் தூங்காதவரிடம் அந்த வித்தியாசத்தைக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இன்றைக்கென்றால் அந்த ஒரு தாள் போதாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கு மூளை அறுவை செய்ய நோயாளியின் சம்மதமும் வேண்டும், வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. அன்று நாட்டில் இருந்தது 1912-ன் பைத்தியச் சட்டம். யாரை அடைப்பது, எப்படி அடைப்பது என்பதுதான் அதன் கவலை. மூளைக்குள் ஊசி விடுவதைப் பற்றி அது யோசித்திருக்கக்கூட முடியாது.

மருத்துவர்கள் ஏன் செய்தார்கள்? பணத்துக்கா? அரசு மருத்துவமனையில், கட்டில் காலில் கட்டிக்கொண்டுவந்த ஏழைப் பிள்ளைகளிடம் என்ன பணம்! புகழுக்கா? கொஞ்சம் இருக்கலாம், யாருக்கு இல்லை? ஆனால் எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறொன்று. அவர்கள் முன்னால் நின்றது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. இந்தப் பிள்ளை இப்படியே வளர்ந்தால் எங்கே போவான்? பெரிய மதிலுக்குள், நெரிசல் வார்டுக்குள், சாகும்வரை. ஊசி அவனை வீட்டில் வைத்திருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை பொய்யல்ல. பல பேரை வைத்திருந்தது.

அவர்கள் எழுதிவைத்த ஒரு நோயாளியின் கதையைக் கேளுங்கள். கூட இருந்தவர்களை அடித்தவர், வார்டு மருத்துவர்களையே அடித்தவர். அறுவை முடிந்தது. அதன்பின் அவர் வார்டு ஊழியருக்கு ஒத்தாசையாகி, மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

படித்தபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் அவர்கள் வைத்திருந்த தரவரிசையைப் பார்த்தேன். பள்ளிக்கூட மார்க் மாதிரி எழுத்துக்கள். மருந்தே வேண்டாம், மற்றவர்களோடு கலந்து பழகுகிறார் என்றால் முதல் தரம். அடங்கியிருக்கிறார், எப்போதாவது வெடிக்கிறார் என்றால் இரண்டாவது. மருந்து கொடுத்தால் சமாளிக்கலாம் என்றால் மூன்றாவது. இப்படியே கீழே இறங்கி, மாற்றமில்லை என்பதைத் தாண்டி, கடைசி எழுத்து மரணம்.

மேலிருந்து கீழே ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள். எல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லக்கூடியவை. அடங்கினாரா? சமாளிக்க முடிகிறதா? பாம்பைக் கண்டு பயப்படாத குரங்குக்கு உள்ளே எப்படி இருந்தது என்று சிகாகோவில் யாரும் கேட்கவில்லை, குரங்கு சொல்லவும் போவதில்லை. நம் பையனுக்கும் பேச்சு வரவில்லை.

அமைதி யாருக்குக் கிடைத்தது என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை.

சரி, வராந்தாவுக்கு வருவோம். கதவு திறக்கிறது. தலையில் கட்டோடு பையனைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அம்மா எழுந்திருக்கிறாள். அன்று ராத்திரி அவன் தூங்குகிறான். பக்கத்தில் தரையில் அவளும் தூங்குகிறாள். வலக்கை மட்டும் பழக்கத்தில் அவன் காலைப் பிடித்திருக்கிறது, ஓடிவிடாமல் இருக்க.

இப்படி நூறு தாண்டியது. வருஷங்கள் போகப் போக இருநூறு, முந்நூறு. பின்னாளில் ராமமூர்த்தி கணக்குச் சொன்னபோது வாதுமை அறுவை மட்டும் 481. உலகத்தில் ஒரே இடத்தில் இவ்வளவு செய்தவர்கள் மிகக் குறைவு. பல நாட்டு மருத்துவர்கள் மதராஸைத் திரும்பிப் பார்த்தார்கள். பெத்தடின் ஊசிக்கு அடிமையானவர்களுக்கு மூளையின் வேறொரு புள்ளியில் கை வைத்தார்கள். அதுவும் பலித்தது என்று எழுதினார்கள்.

எழுதினார்கள். அதுதான் இந்த வாரக் கதையின் திருப்பம்.

ஒளித்துச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இவர்கள் ஒளிக்கவில்லை. செய்ததைச் சரி என்று நம்பினார்கள். ஆகவே எண்ணிக்கையோடு, வயதோடு, தரவரிசையோடு வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பிவைத்தார்கள். 1970-ஐ ஒட்டி அப்படிப் போன கட்டுரைகளில் ஒன்றில் 115 நோயாளிகளின் கணக்கு இருந்தது.

கட்டுரை கடல் தாண்டியது.

வாஷிங்டனில் பீட்டர் பிரெகின் என்று ஓர் இளம் மனநல மருத்துவர். லோபாட்டமி, அதாவது அந்தப் பழைய கத்தி அறுவை, செத்துப்போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சாகவில்லை, ஊசி வடிவில் திரும்பி வருகிறது என்று சந்தேகப்பட்டவர். உலகத்தின் மூலை முடுக்கு ஆய்விதழ்களையெல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தவர்.

மதராஸ் கட்டுரை அவர் கையில் கிடைத்தது.

115 பேரின் வயதைப் பார்த்தார்.

பதினொரு வயதுகூட ஆகாதவர்கள் 39 பேர்.

அதில் மூன்று பேருக்கு ஐந்து வயது நிரம்பவில்லை.

1972 பிப்ரவரியில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் மருத்துவர்களின் பெயர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. பாராட்டாக அல்ல.

என்னவென்று ஏறியது? அடுத்த வாரம்.